அனெக்ஸ் வாடகைக்கு விட்ட கதை

இன்று காலை வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு மூட்டை அரிசி வந்தது. இந்தப் போகத்துப் புது நெல்லைக் குற்றி, நம் ஆலைக்கார ஹாஜியார் வழக்கம்போல அனுப்பியிருக்கிறார். மூட்டையின் வாயை அவிழ்த்ததும் தவிட்டின் இனிப்பு வாசம் முன்னறை முழுவதும் பரவியது. கம்பியூட்டர் மேசை, பழைய யூபிஎஸ் பெட்டி, ஜன்னல் திரை எல்லாவற்றிலும் அது ஏறி உட்கார்ந்துகொண்டது. நீ இருந்திருந்தால் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே வேலையைப் பார்த்திருப்பாய். பச்சை அரிசி தின்றால் இரத்தம் வற்றிப்போகும் என்று நான் ஏசியிருப்பேன்.

மூட்டையை இறக்கிய லொறிக்காரர் புதியவர். "ரெண்டு பங்கு எண்டுதான் ஹாஜியார் சொன்ன. மத்தவங்க எங்க?" என்று கேட்டார்.

"அவங்க மௌத்தாகிட்டாங்க."

அவர், இறந்தவர்களுக்காகச் சொல்லும் இன்னாலில்லாஹியைச் சொல்லித் தலை குனிந்தார். கொஞ்சம் பொறுத்து, "அப்ப இது முழுக்க உங்களுக்கா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கும் வந்திருக்கும். பாதியை அதே லொறியில் மருதமுனைக்கு உன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரே மேசையின் இரண்டு பக்கமும் இத்தனை வருடம் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? தலையை நிமிர்த்தினால் நீ இருந்தாய்.

கல்முனையில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் நாம் இருவரும் படிப்பித்துக்கொண்டிருந்த காலம் நினைவுக்கு வருகிறது. மருதமுனைச் சாரிக்கடை ஒன்றுக்கு நீ ஓர் இணையத்தளம் செய்து கொடுத்தாய். அதைக் கொண்டுபோய் வைக்க இடம் வேண்டுமே. எந்நேரமும் அணையாத ஒரு கம்பியூட்டரில் இருந்தால்தான் அதை உலகத்தில் யாரும் பார்க்கலாம். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் சேர்வரில் கொஞ்சம் இடம் எடுத்தோம். அந்தக் கடைக்குப் போக நிறைய மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்துக்கு ஒரு மருந்துக்கடை வந்தது, ஒரு பாலர் பாடசாலை வந்தது, ஒரு பேக்கரி வந்தது. வகுப்பை விட்டுவிட்டுச் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு முன்னறையில் மேசையைப் போட்டோம். ஹோஸ்டிங் என்றால் என்னவென்று எங்கள் உம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "ரெண்டு பேரும் காத்தையா விக்கிறீங்க?" என்று கேட்பா. "காத்தில்ல மாமி, இடம்" என்று நீ பொறுமையாகச் சொல்வாய். "இடமெண்டா காணி உறுதி எங்க?" என்று உம்மா திருப்பிக் கேட்பா.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஹாஜியார் வந்தார்.

அவருக்கு அரிசி ஆலை. வரிப்பத்தான்சேனையிலும் சாகாமத்திலும் அக்கரைப்பற்றிலும் நெல் வாங்கும் இடங்கள். மூன்று தராசின் நிறையும் ஒரே இடத்தில் பதிவாகும்படி அவருடைய மருமகன் கொழும்பில் ஒரு புரோகிராம் எழுதுவித்திருந்தார். அதை நம்மிடம் வைத்தபோது மற்ற எல்லா இணையத்தளங்களும் தவழத் தொடங்கின. அவருக்குத் தனிச் சேர்வர் வேண்டும், குறைந்தது ஒரு வீபிஎஸ்ஸாவது வேண்டும் என்று நான் விளக்கப் போய், ஒரு பெரிய சேர்வரை மென்பொருளால் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனிச் சேர்வர் போல நடத்துவது என்று என்னென்னவோ சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லுங்க புள்ள" என்று உன் பக்கம் திரும்பினார்.

நீ அரை நிமிடம் யோசித்தாய். "இப்ப நீங்க போடிங்கில இரிக்கிறீங்க ஹாஜியார். பத்துப் பேருக்கு ஒரு கிணறு, ஒரு குசினி. ஒராள் கூடத் தண்ணி அள்ளினா மத்தவருக்கு இல்ல. வீபிஎஸ் எண்டா அனெக்ஸ். பெரிய வீட்டுக்குள்ளதான் இரிக்கி. ஆனா உங்களுக்கு வேற வாசல், வேற குசினி, வேற சாவி."

"வீட்டுக்காரன் ஆரு?"

"சிங்கப்பூர்ல ஒரு கம்பனி."

"கூரை ஒழுகினா?"

"அது அவங்கட பாடு. உங்கட குசினிப் பைப் ஒழுகினா அது உங்கட பாடு."

ஹாஜியார் சிரித்தார். "அப்ப சாவி எனக்கு வேணாம். நீங்களே வச்சிரிங்க. எனக்குத் தராசு வேல செஞ்சாக் காணும்."

வீபிஎஸ் வியாபாரத்தின் முழுப் பாடமும் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. நீ அதை அன்றே பிடித்துக்கொண்டாய். எனக்கு ஆசைதான் பிடித்துக்கொண்டது.

ஹாஜியாருக்காக ஒரு சின்னத் துண்டை எடுப்பதைவிட ஒரு முழுச் சேர்வரையே எடுத்து நாமே பிரித்து விற்றால் என்ன என்று நான் கேட்டேன். கொழும்பில் எல்லோரும் செய்கிறார்கள், நாம் மட்டும் சின்னக் கடையாகவே கிடப்பதா என்றேன். நீ மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தாய். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாய்.

"அத அவங்க நேரா வெளிநாட்டுக்காரன்கிட்டயே எடுக்கலாமே. எங்ககிட்ட என்னத்துக்கு வாற?"

"எங்களோட தமிழ்ல கதைக்கலாம். கோல் எடுத்தா நாங்க ஆன்சர் பண்ணுவம்."

"அப்ப நாங்க விக்கப்போறது சேர்வரில்ல புள்ள. எங்களத்தான். சேர்வரப் பதினாலாப் பிரிக்கலாம். எங்கள எத்தினயாப் பிரிக்கிற?"

நினைத்தது நடக்காவிட்டால் நான் முகத்தைத் தொங்கப்போடுவேன், உனக்குத் தெரியும். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, செய்வம். ஆனா மெல்ல" என்றாய்.

நான் மெல்லச் செய்யவில்லை. ஒரு மாரி முடிவதற்குள், ஹாஜியாரையும் சேர்த்து, பதின்மூன்று பேருக்கு விற்றேன். ஒரு டியூட்டரி, ஒரு ஸ்டூடியோ, ஒரு ஹார்ட்வெயார் கடை என்று, அது தேவையில்லாதவர்களுக்கெல்லாம் 'உங்களுக்கென்று தனிச் சேர்வர்' என்று சொன்னேன். அந்தச் சொல்லுக்கு ஒரு பெருமை இருந்தது. கேட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அறுகம்பேக் கடற்கரையில் எட்டு அறையோடு கெஸ்ட்ஹவுஸ் வைத்திருந்த றபீக் காக்காவுக்கும் அப்படித்தான் கொடுத்தேன். "ஒண்டுக்கும் யோசிக்காதீங்க காக்கா, நாங்க பாத்துக்குவம்" என்று போனில் சொன்னேன். உன்னிடம் சொல்லாமல் சொன்னேன்.

அதன்பிறகு உன் போன் ஓயவில்லை. "தங்கச்சி, என்னமோ இங்கிலீசுல கேக்குது, ஓம் எண்டு அமத்தவா?" என்று ஒருவர். "அப்டேட்டாம், அது என்ன சாமான்?" என்று இன்னொருவர். சாவியை வாங்கியவர்கள் யாருக்கும் பூட்டுவதும் தங்கள் வேலை என்று தெரிந்திருக்கவில்லை. நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பாய். ஒரு நாளும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்னேனே என்று சொல்லாத ஆட்கள் இந்த உலகத்தில் மிகக் குறைவு. எனக்கு வாய்த்தவள் அப்படி ஒருத்தி.

உன் தங்கையின் கலியாணத்துக்காக நீ ஒரு கிழமை வராமல் இருந்தபோது பெக்கப் எடுக்கும் இடம் நிரம்பிவிட்டது. ஒவ்வொரு மெசினுக்கும், அதாவது நாம் விற்ற ஒவ்வொரு துண்டுக்கும், நாள்தோறும் ஒரு பிரதி எடுத்து வேறொரு இடத்தில் வைக்கும் ஏற்பாடு உன்னுடையது. இடம் போதாததால் ஐந்து மெசின்களுக்கு அதை நிறுத்தினேன். பழையதை அழித்துவிட்டு இரண்டு நாளில் திரும்பப் போடலாம் என்று நினைத்தேன். கலியாண வீட்டுப் புரியாணிச் சட்டியோடு நீ திரும்பி வந்தாய். சாப்பிட்டோம், சிரித்தோம். நான் மறந்தேபோனேன்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை.

ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போய்விட்டார்கள். தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. உம்மா குசினியில் தேங்காய் துருவும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நம் திரையில் பதின்மூன்று பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன. சிங்கப்பூர் கம்பனியிடமிருந்து மெயில் வந்தது: உங்கள் மெசின் ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்கில் குப்பை மெயில் போகிறது, ஆகவே முழுச் சேர்வரையும் துண்டித்துவிட்டோம். அந்த மெசின் றபீக் காக்காவுடையது. முதல் நாள் நான் போட்டுக்கொடுத்த எளிய பாஸ்வேர்டை யாரோ கண்டுபிடித்து உள்ளே புகுந்திருந்தார்கள். மாற்றச் சொல்லியிருந்தேன். மாற்றினாரா என்று பார்க்கவில்லை.

"எல்லாருக்கும் இப்பவே சொல்லுவம்" என்றாய். "பள்ளி முடிஞ்சு வெளிய வாறதுக்குள்ள மெசேஜ் போட்டு வைப்பம்."

"பொறு. முக்கா மணித்தியாலம் இரிக்கி. அதுக்குள்ள சரியாகிடும். ஆருக்கும் தெரியவே வராது."

"தெரியாட்டி நடக்கல்ல எண்டாகுமா?"

நான் சிங்கப்பூருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். முக்கால் மணித்தியாலத்தில் ஒன்றும் சரியாகவில்லை. பள்ளி கலைந்தது. முதலில் ஒரு போன் அடித்தது, பிறகு இரண்டும் அடித்தன, பிறகு உம்மாவின் போனும் அடித்தது. றபீக் காக்காவுக்குச் செய்தி சொன்னது நாமல்ல. அவருடைய வாசலில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண், தன் போனைக் காட்டி, உங்கள் வெப்சைட் திறக்கவில்லையே என்று கேட்டிருக்கிறாள்.

மறுநாள் மற்ற மெசின்களைத் திறந்துவிட்டார்கள். றபீக் காக்காவுடையதை மட்டும் அழித்துப் புதிதாகத் தொடங்கச் சொன்னார்கள். அப்போதுதான் நான் பிரதியைத் தேடினேன். கடைசிப் பிரதி ஏழு கிழமைக்கு முந்தியது. அந்த ஏழு கிழமையில்தான் சீசனுக்கான புக்கிங் எல்லாம் விழுந்திருந்தது.

உன்னிடம் சொல்ல எனக்கு நெடுநேரம் பிடித்தது. மேசைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாய். ஆனாலும் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் இருந்தது. சொல்லி முடித்ததும் நீ எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாய். கத்துவாய் என்று காத்திருந்தேன்.

"வேற எத்தின மெசினுக்கு நிப்பாட்டினாய்?"

"இன்னும் நாலு."

"முதல்ல அதுகளுக்குப் போடு."

போட்டேன். நீ பின்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாய். பிறகு, "நாளைக்கு அறுகம்பே போவம். இது போன்ல சொல்ற கதையில்ல" என்றாய்.

அக்கரைப்பற்றில் இறங்கிப் பொத்துவில் பஸ் ஏறினோம். கோமாரி தாண்டும்போது நான் மெதுவாக ஒரு வழி சொன்னேன். யாரோ உள்ளே புகுந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள் என்று சொன்னால் போதுமே, அது பொய்யுமில்லையே என்றேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கள்ளன் வந்தது மெய்தான். கதவத் திறந்து வச்சது ஆரு?"

பொத்துவிலில் இறங்கி அறுகம்பேக்கு ஓட்டோ பிடித்தோம்.

றபீக் காக்கா முற்றத்தில் சர்ஃப் பலகைகளைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் முகம் மலர்ந்தது. சரிசெய்துவிட்டுச் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். நான் வாயைத் திறக்குமுன் நீ முன்னால் போனாய்.

"காக்கா, உங்கட புக்கிங் எல்லாம் போயிட்டு. திருப்பி எடுக்க ஏலாது. கொப்பி எடுத்து வைக்கிற வேல எங்கட. அத நாங்க ஏழு கிழமையாச் செய்யல்ல. எங்கட பிழை."

தண்ணீர்க் குழாய் அவர் கையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப, வெள்ளக்காரன் பேக்கோட வந்து நிண்டா நான் எந்த றூமக் காட்டுற?" என்றார். பிறகு சத்தம் ஏறியது. "ரெண்டு பொம்புளப் புள்ளைகள நம்பினேன் பாரு, அது என்ட பிழை!"

"நம்பினது பிழையில்ல காக்கா. சொன்ன மாதிரி நாங்க நடக்கல்ல, அதுதான் பிழை. இப்ப நாங்க சொல்லிட்டுப் போக வரல்ல. உங்கட போனத் தாங்க."

அவர் உன்னை ஒரு மாதிரிப் பார்த்தார். போனைக் கொடுத்தார். அதில் ஆயிரத்துக்கு மேல் வாசிக்காத மெயில்கள் கிடந்தன. ஒவ்வொரு புக்கிங்குக்கும் சைட் அவருக்கு ஓர் அறிவித்தல் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை. உன் கண்கள் விரிந்ததை நான் கண்டேன். பொத்துவில் கடையொன்றில் பெரிய பிரிஸ்டல் போர்ட் அட்டை இரண்டு வாங்கிவந்தோம். சாப்பாட்டு மேசையில் அதை விரித்து எட்டு அறைகளுக்கும் கோடு போட்டோம். நீ வாசிக்க வாசிக்க நான் எழுதினேன். காக்காவின் பெண்சாதி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தா, பிறகு மீனும் சோறும் கொண்டுவந்து வைத்தா. நடுப்பகல் லுஹர் தொழுகை போய்ப் பின்னேர அசர் வந்தது. அதற்கு அடுத்த இரண்டு நாளும் அதே பஸ்ஸில் போய் அதே மேசையில் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் பின்னேரம் அட்டைகள் நிறைந்துவிட்டன. புக்கிங் இலக்கங்களில் மூன்று மட்டும் விடுபட்டிருந்தன; சைட் விழுந்த கோபத்தில் காக்கா திறக்காமலே அழித்த மெயில்கள் அவை, அந்த மூன்று பேர் எப்போது வருவார்கள் என்று தெரியவில்லை.

"வந்தா வரட்டும்" என்றார் காக்கா. குரல் இறங்கியிருந்தது. "என்ட அறையக் குடுக்கிற."

அப்படியே நடந்ததும் உனக்கு நினைவிருக்கும். ஒரு சோடி முன்னறிவிப்பின்றி வந்து நிற்க, காக்கா தன் குடும்பம் படுக்கும் அறையைக் கொடுத்தார். அவர்கள் அடுத்த வருடமும் வந்து அந்த அறைதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்களாம். காக்கா இதைப் போனில் சொன்னபோது நீ மேசையில் தலையை வைத்துச் சிரித்தாய்.

ஆனால் எனக்கு அதிகம் நினைவிருப்பது அந்த மூன்றாம் நாள், பஸ்ஸுக்கு முன் கடற்கரையில் நின்ற கொஞ்ச நேரம். உனக்குக் கடல் பிடிக்காது. ஈரம் படாத மணலோடு நின்றுவிட்டாய். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு இறங்கினேன். திரும்பி வந்தபோது நீ கேட்காமலே சொன்னாய்.

"சுனாமியில கடல் வந்தண்டைக்கு எங்கட உம்மாவும் போன, வீட்டு அல்பமும் போன. உம்மாட முகம் ஒண்டும் கையில இல்ல. மாமி ஒராள்ட கலியாணப் படத்தில உம்மா ஒரு மூலையில நிக்கிறா. அதுவும் பாதி முகம்."

அவ்வளவுதான். நீ நாள்தோறும் பிரதி எடுத்துவைத்ததற்கான காரணத்தை அத்தனை வருடத்தில் ஒரு தடவையும் சொன்னதில்லை. என்னைக் குற்றப்படுத்தவும் அன்று அதைச் சொல்லவில்லை. கடலைப் பார்த்ததால் சொன்னாய். அதனால்தான் எனக்கு அது அப்படித் தைத்தது. பஸ்ஸில் நான் அழுதேன். காக்கா வீட்டில் தந்த, பல்லில் ஒட்டும் தொதல் இனிப்பை நீ உன் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தாய். அழுதுகொண்டே தொதல் தின்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

திரும்பி வந்ததும் பதின்மூன்று பேரிடமும் போனோம். போனில் சொல்லவில்லை, ஒவ்வொரு கடைக்கும் நேரில் போனோம். உங்களுக்கு இது உண்மையில் தேவையா என்று கேட்டோம். ஸ்டூடியோக்கார நானாவிடம் நீ, "உங்களுக்கு அனெக்ஸ் வேணாம் நானா, போடிங்கே காணும்" என்றாய். "விக்க வந்தவங்க வேணாம் எண்டு சொல்றத இப்பதான் கேக்கிறன்" என்று அவர் தன் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். ஒன்பது பேர் போடிங்குக்கே மாறினார்கள். அவர்களில் றபீக் காக்காவும் ஒருவர். நம்மை விட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். "போறதெண்டா அண்டைக்கே போயிருப்பன்" என்றார். நான்கு பேர் மட்டும் வீபிஎஸ்ஸோடு நின்றார்கள். அவர்களுக்கு ஒரே பக்கத்தில், நல்ல தமிழில், எது நம் வேலை எது அவர்கள் வேலை என்று எழுதிக்கொடுத்தாய். ஹாஜியாரின் தாளில் அவர் வேலை என்ற பகுதியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: தராசைச் சரியாக வைத்திருத்தல்.

"இப்படியே போனா நம்மட கம்பனி பெரிசாகாது புள்ள" என்று ஒருநாள் சொன்னேன். குறையாகச் சொல்லவில்லை.

"பெரிசாகி என்ன செய்யப்போறாய்? நாலு பேர்ட சாவி கையில இரிக்கி. அதுவே பாரம்தான்" என்றாய்.

சின்னக் கம்பனிகள் வீபிஎஸ் விற்பது பிரயோசனமா என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். போன மாதமும் நிந்தவூரில் இருந்து ஒருவர் கேட்டார். உங்களுக்குத் தெரிந்த முகங்கள் எத்தனை, அவர்கள் கூப்பிட்டால் உங்களால் போக முடியுமா, அதை எண்ணிக்கொண்டு அத்தனை பேருக்கு மட்டும் கொடுங்கள் என்றேன். அவர் வேறு ஏதோ எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான் நம் நல்ல வருடங்கள். கதையாகச் சொல்ல அவற்றில் ஒன்றுமில்லை. வேலை நடந்தது, போன் குறைந்தது, மாங்காய்க் காலத்தில் மாங்காய் தின்றோம். உனக்கு நோய் வந்ததையும் நீ அப்படித்தான் சொன்னாய், ஏதோ ஒரு மெசினுக்கு அப்டேட் வந்திருப்பதுபோல. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக ஒரு வருடம். கடைசியாக நான் வந்து பார்த்தபோது குரல் இல்லை, உதடுதான் அசைந்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனேன். ஏதாவது பெரிதாகச் சொல்வாய் என்று நினைத்தேன். "ஹாஜியார்ட பக்கம் வயல் வெட்டுத் தொடங்கிட்டா?" என்று கேட்டாய். "ஓம், சாகாமத்தில தொடங்கிட்டு" என்றேன். தலையாட்டினாய். உனக்கு அது போதுமாக இருந்தது. அல்லாஹ் உன் கபுறுக் குழியை விசாலமாக்குவானாக. அங்கே ஈரம் படாத மணல் இருக்கட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் போகத்து நடு அறுவடையில், காலை பத்து மணியிருக்கும், சிங்கப்பூரில் அந்தப் பெரிய சேர்வரின் டிஸ்க் செத்தது. நான்கு மெசின்களும் விழுந்தன. மூன்று தராசிலும் லொறிகள் வரிசையில் நிற்கும் நேரம். என் கை கீபோர்டுக்குத்தான் போனது. பிறகு அதை எடுத்துப் போனைத் தூக்கினேன்.

"ஹாஜியார், உங்கட சேர்வர் விழுந்திரிக்கி. நேத்து வரைக்கும் உள்ள பிரதி என்ட கையில இரிக்கி. லுஹருக்குள்ள எழுப்பிடுவன். அது வரைக்கும் தராசில நிறுக்கிறத எல்லாம் துண்டில எழுதச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஆலைச் சத்தம். "எங்களுக்கு இன்னும் ஒண்டும் தெரிய வரல்லயே?" என்றார்.

"தெரிய வாறதுக்கு முதல் சொல்லணும்தானே."

அவர் யாரிடமோ திரும்பி, மூன்று இடத்துக்கும் சொல்லு, கொப்பியில எழுதட்டும் என்று சத்தம் போட்டார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"என்ன ஹாஜியார்?"

"ஒண்டுமில்ல புள்ள" என்றார். "உங்கட கூட்டாளி கதைக்கிற மாதிரியே இரிந்திச்சு. அதான்."